ஒதுக்குப்புற இடங்களுக்கான கலப்பு மின்னமைப்பு: கணினியில் ஓட்டிப் பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்கம்பி எட்டாத தீவு, மலையுச்சிக் குடியிருப்பு, தொலைத்தொடர்புக் கோபுரம், வானிலை நிலையம் போன்ற இடங்களுக்குச் சோலார், காற்றாலை, பேட்டரி, டீசல் ஜெனரேட்டர் என்று இரண்டு மூன்றைச் சேர்த்து மின்சாரம் கொடுப்பதைக் கலப்பு மின்னமைப்பு என்கிறோம். எதை எவ்வளவு வைப்பது என்பதைச் சாமான் வாங்குவதற்கு முன்பே கணினியில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்வது இப்போது வழக்கமாகிவிட்டது. இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சராசரியை வைத்துக் கையாலேயே கணக்குப் போட்டால் போதாதா?

முதல் மதிப்பீட்டுக்குப் போதும். ஒரு நாளைக்கு 60 யூனிட் தேவை என்று வைத்துக்கொள்வோம் (ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்). அந்த இடத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கிறது. தூசி, சூடு, கம்பி, இன்வெர்ட்டர் இழப்புக்குக் கால் பங்கு கழித்தால் 16 கிலோவாட் சோலார் வேண்டும் என்று விடை வரும். ஐந்து நிமிட வேலை.

ஆனால் மப்பும் மந்தாரமுமாக நான்கு நாள் தொடர்ந்தால் ஐந்தாம் நாள் இரவு விளக்கு எரியுமா என்று இந்தக் கணக்கைக் கேட்டால் பதில் வராது. சராசரிக்குள் நல்ல நாளும் கெட்ட நாளும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. பேட்டரி அப்படிச் சரிக்கட்டாது. நிரம்பியபின் வருகிற மின்சாரம் வீண், தீர்ந்தபின் வருகிற தேவை இருட்டு.

காற்றில் இது இன்னும் மோசம். காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் கனத்துக்கு ஏற்ப ஏறுகிறது. நாள் முழுதும் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஒரே சீராக வீசினால் 5×5×5, அதாவது 125. அரை நாள் 3 மீட்டர், அரை நாள் 7 மீட்டர் என்று வீசினாலும் சராசரி அதே 5 தான். ஆனால் 27-க்கும் 343-க்கும் சராசரி 185. ஏறத்தாழ ஒன்றரை மடங்கு! சராசரி வேகத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு காற்றாலையைக் கணிக்க முடியாது.

அப்படியானால் கணினி உள்ளே என்னதான் செய்கிறது?

ஆண்டின் 8,760 மணி நேரத்தையும் ஒவ்வொன்றாக நடந்து பார்க்கிறது. ஒவ்வொரு மணியிலும் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, பேட்டரியில் கையிருப்பு எவ்வளவு என்று எழுதிக்கொண்டே போகிறது. வீட்டு வரவு செலவு நோட்டு போலத்தான்.

ஒரு மாலையை மட்டும் அருகில் பார்ப்போம். நான் ஒரு கற்பனைக் குடியிருப்புக்கு வைத்திருக்கும் கணினி மாதிரி இது: 15 கிலோவாட் சோலார், 5 கிலோவாட் காற்றாலை, 60 யூனிட் கொள்ளும் லித்தியம் பேட்டரி, 20 கிலோவாட் ஜெனரேட்டர். பேட்டரியை 20 சதவீதத்துக்குக் கீழே, அதாவது 12 யூனிட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது என்று கட்டளை.

மாலை 6 முதல் 7 வரை. விளக்கு வைக்கும் நேரம். சோலார் கடைசியாக 0.4 யூனிட் தருகிறது, காற்றாலை 1.1 தருகிறது. தேவை 9.5. துண்டு விழுவது 8. இன்வெர்ட்டரின் திறன் 92 சதவீதம் என்பதால் பேட்டரியிலிருந்து 8.7 போகிறது. 41 இருந்த கையிருப்பு 32.3 ஆகிறது.

7 முதல் 8 வரை. தேவை 11.2, காற்றாலை 0.6. துண்டு 10.6, பேட்டரியிலிருந்து 11.5. கையிருப்பு 20.8.

8 முதல் 9 வரை. தேவை 10.4, காற்றாலை 0.2. துண்டு 10.2, அதைக் கொடுக்க 11.1 வேண்டும். கொடுத்தால் கையிருப்பு 9.7 ஆகிவிடும், எல்லை 12. முடியாது. இந்த இடத்தில்தான் ஜெனரேட்டர் ஓடியாக வேண்டும்.

எப்படி ஓட்டுவது என்பதில் இரண்டு வழி உண்டு. தேவைக்கு மட்டும், 10.2 கிலோவாட்டில் ஓட்டலாம். அல்லது முழு 20 கிலோவாட்டில் ஓட்டி, மிச்சம் 9.8-ஐ பேட்டரிக்குள் அனுப்பலாம். இந்த முடிவை ஆண்டு முழுக்க எப்படி எடுப்பது என்பதுதான் இயக்க விதி. அதே சாமான்களை வைத்துக்கொண்டு இயக்க விதியை மட்டும் மாற்றினால் டீசல் செலவு மாறிவிடும். எந்த விதி வெல்லும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது, இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். மறுநாள் காலை வெயில் நன்றாக இருக்குமானால் இரவில் ஜெனரேட்டரால் பேட்டரியை நிரப்பியது வீணாகிவிடும். மழைக்காலத்தில் அதுவே கைகொடுக்கும்.

எந்தத் தரவில் அதிகம் கவனம் வேண்டும்?

லோடு, அதாவது எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் தேவை என்பது. இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. பலர் சோலார் தகட்டின் திறன் 20 சதவீதமா 21-ஆ என்று மணிக்கணக்காக அலசுகிறார்கள். இரவு எட்டு மணிக்கு அந்த ஊரில் எத்தனை மின்விசிறி ஓடும் என்று கேட்டால் குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்கிறார்கள். விடையைப் புரட்டிப்போடுவது இரண்டாவதுதான்.

தொடக்கத்தில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு இத்தனை யூனிட் என்று மொத்தம் மட்டும் தெரிந்திருந்தது. அதை 24 மணிக்கும் சமமாகப் பங்கிட்டு உள்ளிட்டுவிட்டேன். தேவையில் பாதி பகலிலேயே சோலாரிலிருந்து நேராகத் தீர்ந்துவிட, மிகச் சிறிய பேட்டரி போதும் என்று விடை வந்தது. வீடுகளில் உண்மையில் தேவை குவிவது பொழுது சாய்ந்த பிறகு. மொத்தம் மாறாமல் மணிகளை மட்டும் திருத்தி மறுபடி ஓட்டியதும் பாதி ஆண்டுக்கு நடு இரவில் பேட்டரி காலியாகிக் கிடந்தது. நல்லவேளையாக அது காகிதத்தில் இருக்கும்போதே தெரிந்தது.

அதனால் கருவிப் பட்டியலோடு நிறுத்தாதீர்கள். எந்தக் கருவி, எத்தனை, எத்தனை வாட், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, எந்த மாதங்களில் என்று கேளுங்கள். ஏற்கெனவே ஜெனரேட்டரில் ஓடும் இடமானால் ஒரு பதிவுக் கருவியை இரண்டு வாரமாவது மாட்டி வையுங்கள். அதற்கு ஈடான தரவு வேறில்லை.

மோட்டார்களைத் தனியாகக் குறியுங்கள். நேரடியாக இயக்கப்படும் தண்ணீர் மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். மணிக்கணக்கு மாதிரியில் இது கண்ணுக்கே தெரியாது. ஆனால் இன்வெர்ட்டர் அதைத் தாங்காமல் நின்றுவிடும். தண்ணீர் மோட்டாரில் ஒரு நன்மையும் உண்டு: எப்போது வேண்டுமானாலும் ஓட்டலாம். அதை நண்பகலுக்குத் தள்ளி வைத்து ஓட்டிப் பாருங்கள், பேட்டரி எவ்வளவு குறைகிறது என்று தெரியும்.

மின்சாரம் வந்தபின் தேவை கூடிவிடுமே, அதை எப்படிக் கணிப்பது?

கூடும். இரண்டு மூன்று வளர்ச்சி வேகங்களை வைத்துத் தனித்தனியே ஓட்டிப் பாருங்கள். எல்லை வைப்பதும் ஒரு வழி. ஸ்காட்லாந்தின் எய்க் தீவில் 2008 முதல் நீர்மின், காற்று, சோலார், பேட்டரி, மாற்றுக்கு டீசல் என்ற கலப்பு அமைப்பு ஓடுகிறது. அங்கே ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுக்க முடியாது, தொழிலிடங்களுக்கு 10. மாதிரியில் உச்சத் தேவையாகப் போட்டது நடைமுறையிலும் உச்சமாகவே நிற்க இப்படி ஓர் ஏற்பாடு உதவுகிறது.

வெயில் தரவு எங்கே கிடைக்கும்?

நாசாவின் பவர் தளமும் ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் நடத்தும் பிவிஜிஐஎஸ் தளமும் இலவசமாகத் தருகின்றன. நாசா தளத்தில் சூரிய ஒளித் தரவு 1984 முதல் இருக்கிறது. ஆனால் அதன் ஒரு கட்டம் ஒரு டிகிரி அகலம், நிலநடுக்கோட்டருகே ஏறத்தாழ 110 கிலோமீட்டர். சமவெளிக்குப் பரவாயில்லை. மலைப் பள்ளத்தாக்கில் காலை ஒன்பது மணிவரை மூடுபனி நிற்பதையும், மாலை நான்கு மணிக்கே மலை வெயிலை மறைப்பதையும் அந்தக் கட்டத்தில் காண முடியாது. நேரில் போய்த் தொடுவானத்தை அளந்து நிழலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பல மென்பொருள்களில் வழக்கமான ஆண்டு என்று ஒரு தரவு இருக்கும். பல ஆண்டுகளிலிருந்து ஒவ்வொரு மாதத்துக்கும் இயல்பான மாதத்தைப் பொறுக்கிச் செய்த தைத்த ஆண்டு அது. பொறுக்கும்போதே மிக மோசமான மாதங்கள் வெளியே போய்விடுகின்றன. மின்கம்பியோடு இணைந்த அமைப்புக்கு அது பொருந்தும். தனித்து நிற்கும் அமைப்பைச் சோதிக்க வேண்டியது அந்த மோசமான மாதத்தில்தானே! பத்துப் பதினைந்து உண்மையான ஆண்டுகளை வரிசையாக ஓட்டுங்கள்.

சூடான ஊரில் சோலார் நிறையத் தருமா?

வெயில் கூடினால் தரும், சூடு கூடினால் குறையும். 10 கிலோவாட் சோலார், சதுர மீட்டருக்கு 800 வாட் வெயில், காற்று வெப்பம் 35 டிகிரி என்றால் தகட்டின் உள்வெப்பம் 60 டிகிரியைத் தொடும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் என்று கழித்தால் 14 சதவீதம் போய்விடும். தூசிக்கும் கம்பிக்கும் 12 சதவீதம் கழித்தால் கையில் நிற்பது 6 கிலோவாட். வெப்பத் தரவை உள்ளிடாமல் விட்டால் மாதிரி சுமார் 7 என்று சொல்லும்.

காற்றுத் தரவு?

பத்து மீட்டர் உயரத்தில் அளந்ததை அப்படியே போடாதீர்கள். வேகம் உயர விகிதத்தின் 1/7 அடுக்காக ஏறும் என்ற வழக்கமான விதிப்படி 30 மீட்டர் உயரத்தில் வேகம் 17 சதவீதம் கூடும், ஆற்றல் 60 சதவீதம் கூடும். ஆனால் அந்த அடுக்கு திறந்த, தட்டையான நிலத்துக்கு உரியது. மரங்களுக்கும் மேடு பள்ளங்களுக்கும் நடுவே வேறு. சிறு காற்றாலைக்கு ஓராண்டு அளவீடு இல்லாமல் பணம் போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. பக்கத்திலுள்ள ஒரு மேடு போதும், கணக்கு கவிழ்ந்துவிடும்.

பேட்டரியை வெறும் தொட்டியாக நினைத்துக் கணக்கிடலாமா?

லித்தியத்துக்கு ஏறத்தாழச் சரி. ஈய அமில பேட்டரிக்குப் போதாது. வேகமாக இறக்கினால் அது சீக்கிரம் தீர்ந்ததுபோல் காட்டும், சற்று ஓய்வு கொடுத்தால் மறுபடி கொஞ்சம் தரும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மேன்வெல், மெக்கோவன் இருவரும் 1993-இல் இதற்கு ஓர் எளிய மாதிரி கொடுத்தார்கள். சிறு குழாயால் இணைந்த இரண்டு தொட்டிகள்: ஒன்றிலிருந்து உடனே எடுக்கலாம், மற்றதிலிருப்பது மெல்லக் கசிந்து முதல் தொட்டிக்கு வர வேண்டும். இன்றும் பல மென்பொருள்களில் இருப்பது இதுதான்.

ஆயுளையும் பாருங்கள். ஈய அமில பேட்டரியின் ஆயுள், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறத்தாழ பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்கள் அறிந்த கணக்கு. தகரக் கொட்டகையில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாதிரியில் பத்தாண்டு என்று போட்டுவிட்டு இடத்தில் ஐந்தாண்டில் மாற்ற நேர்ந்தால் பொருளாதாரக் கணக்கு முழுதும் தப்பு.

சின்ன விஷயம், ஆனால் தவறவிடுகிறார்கள்: ஜனவரி முதல் மணியில் பேட்டரி நிரம்பியிருப்பதாகவே பெரும்பாலான மாதிரிகள் தொடங்கும். டிசம்பர் கடைசி மணியில் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். காலியாக நின்றால் இந்த ஆண்டின் பற்றாக்குறையில் ஒரு பகுதியை அந்த இலவச மின்சாரம் மறைத்திருக்கிறது.

டீசல் ஜெனரேட்டரைச் சிறு லோடில் ஓட்டினால் என்ன?

எரிபொருள் வீண், எஞ்சினும் கெடும். சும்மா சுழலவே ஜெனரேட்டர் டீசல் குடிக்கும். 20 கிலோவாட் எந்திரத்துக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு: மணிக்கு 1.6 லிட்டர் நிரந்தரச் செலவு, அதற்கு மேல் யூனிட்டுக்குக் கால் லிட்டர். 4 கிலோவாட்டில் ஓட்டினால் மணிக்கு 2.6 லிட்டர், அதாவது யூனிட்டுக்கு 0.65. பதினாறில் ஓட்டினால் மணிக்கு 5.6 லிட்டர், யூனிட்டுக்கு 0.35. இரட்டிப்புக்குக் கொஞ்சம்தான் குறைவு.

நெடுநாள் சிறு லோடில் ஓடிய எந்திரத்தின் புகைக்குழாயைப் பார்த்தால் தெரியும். இணைப்புகளில் கறுப்பாக, பிசுபிசுப்பாக எண்ணெய் வழிந்திருக்கும், விரலால் தொட்டால் ஒட்டும். சிலிண்டர் போதிய சூடாகாமல் முழுதும் எரியாத டீசல் அது. இதனால்தான் மாதிரியில் 30 சதவீதத்துக்குக் கீழே ஓட்டாதே என்று எல்லை வைக்கிறோம். அந்த எல்லையை மறந்தால் கணினி ஜெனரேட்டரை ஒரு கிலோவாட்டில்கூட ஓட்டிக் காட்டும்.

மணிக்கு ஒரு முறை கணக்கிட்டால் போதுமா?

அளவு தீர்மானிக்கப் போதும். ஆனால் ஒரு மேகம் சோலாரை மறைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பேட்டரி சிறிதாகவும் சோலார் பெரிதாகவும் இருந்தால் நிமிடக் கணக்கில் ஒரு வாரத்தையாவது ஓட்டுங்கள். மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் நிலைத்து நிற்குமா என்பது வேறு வகைக் கேள்வி. அதற்கு சிமுலிங்க், பவர்ஃபேக்டரி போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன.

எந்த மென்பொருள் நல்லது?

பரவலாகப் பயன்படுவது ஹோமர். அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் 1990-களில் பீட்டர் லிலியந்தால் முன்னின்று உருவாக்கியது, பின்னர் தனி நிறுவனத்தின் கைக்குப் போனது. நூற்றுக்கணக்கான அளவுக் கூட்டுகளை ஓட்டி விலை வரிசையில் அடுக்கித் தரும். ஸ்பெயினின் சரகோசா பல்கலைக்கழகத்தில் பிறந்த ஐஹோகா மரபணு நெறிமுறையால், அதாவது நல்ல கூட்டுகளைக் கலந்து கலந்து மேம்படுத்தும் முறையால், தேடுகிறது. பேட்டரி ஆயுளை நுணுக்கமாகப் பார்க்க விரும்பினால் அதை முயலலாம். கனடா அரசின் ரெட்ஸ்கிரீன் முதற்கட்ட ஆய்வுக்கு எளிது. ஜெனீவாவில் உருவான பிவிசிஸ்ட் சோலார் பக்கத்தில் வலுவானது.

நானே பைத்தானில் எழுதலாமா?

தாராளமாக. மேலே காட்டிய மாலைக் கணக்கு முப்பது நாற்பது வரி நிரல்தான், எக்செல்லில்கூடச் செய்யலாம். சோலார் பகுதிக்கு பிவிலிப் என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. மென்பொருள் வாங்கினாலும் ஒருமுறை கையால் எழுதிப் பார்ப்பது நல்லது, அப்புறம் எந்த விடையையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க மாட்டீர்கள்.

மென்பொருள் தரும் விலைப் பட்டியலில் முதலில் வருவதை அப்படியே வாங்கலாமா?

வேண்டாம். முதல் பத்து வரிகளுக்கிடையே மொத்தச் செலவில் ஒன்றிரண்டு சதவீதம்தான் வேறுபாடு இருக்கும். நம் லோடு மதிப்பீட்டின் பிழையே அதைவிடப் பெரிது. அந்தப் பத்தில் பழுது பார்க்க எளிதானது எது, அந்த இடத்துக்குத் தூக்கிப்போக முடிந்தது எது என்று பாருங்கள்.

தள்ளுபடி வீதத்தையும், அதாவது பின்னால் வரும் செலவை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடும் ஆண்டு வீதத்தையும், கவனியுங்கள். பத்தாண்டு கழித்து வரும் 100 ரூபாய்ச் செலவுக்கு இன்றைய மதிப்பு 6 சதவீதத்தில் 56, 12 சதவீதத்தில் 32. வீதம் ஏற ஏற, பின்னால் செலவு வைக்கும் டீசல் மலிவாகவும் முன்னால் செலவு வைக்கும் சோலார் விலையுயர்ந்ததாகவும் தோன்றும். டீசலின் விலையாக நகரத்து பம்பில் எழுதியிருப்பதைப் போடாதீர்கள். படகிலோ தலைச்சுமையிலோ போய்ச் சேர்ந்தபின் ஆகும் விலையைப் போடுங்கள்.

99 சதவீத நம்பகம் என்றால் நல்லதுதானே?

எந்த 1 சதவீதம் என்று கேளுங்கள். ஆண்டில் 1 சதவீத மணிகள் என்றால் 88 மணி. நள்ளிரவில் அரை மணி, ஒரு மணியாகச் சிதறிக் கிடந்தால் யாரும் பெரிதாகக் கவலைப்பட மாட்டார்கள். அதே 88 மணி அடைமழை வாரத்தில் சேர்ந்தாற்போல் வந்தால் மூன்றரை நாளுக்கு மேல் இருட்டு. மருந்துக் குளிர்பெட்டி இருக்கும் இடத்தில் இந்த இரண்டும் ஒன்றல்ல. பற்றாக்குறை மணிகளை நாள்காட்டி போல விரித்து வரைந்து பாருங்கள். எனக்கு ஆண்டு மொத்தத்தைவிட அந்தப் படம்தான் முக்கியம்.

டீசலே இல்லாமல் முழுக்கப் புதுப்பிக்கத்தக்கதாக்க முடியாதா?

முடியும், கடைசிச் சில சதவீதம்தான் மிகவும் செலவு வைக்கும். கேனரித் தீவுகளில் எல் ஹியரோ 2014 முதல் 11.5 மெகாவாட் காற்றாலையும் தண்ணீரை மேலேற்றிச் சேமிக்கும் நீர்மின் நிலையமும் கொண்டு ஓடுகிறது. 2019 கோடையில் தொடர்ந்து 24 நாள் டீசலின்றி ஓடியது. ஆனால் அந்த ஆண்டு முழுமைக்கும் பார்த்தால் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் பங்கு பாதிக்குச் சற்று மேல்தான். காற்று இல்லாத வாரங்களுக்கு இன்னும் பெரிய நீர்த்தேக்கம் வேண்டும். உங்கள் மாதிரியிலும் அந்தப் பங்கு 80 சதவீதத்திலிருந்து 90-க்கும், 90-லிருந்து 100-க்கும் போக எவ்வளவு பேட்டரி கூடுகிறது என்று ஒரு கோடு வரைந்து பாருங்கள். அந்தக் கோடு கடைசியில் செங்குத்தாக ஏறும்.

அமைப்பைக் கட்டி முடித்தபின் மாதிரியை மூட்டை கட்டிவிடலாமா?

கூடாது. முதல் மாதத்திலிருந்தே மணிவாரியாக லோடு, சோலார் உற்பத்தி, பேட்டரிக் கையிருப்பு, டீசல் லிட்டர் நான்கையும் பதிவு செய்து மாதிரியோடு ஒப்பிடுங்கள். சோலார் குறைந்தால் முதலில் தூசியையும் நிழலையும் சந்தேகியுங்கள். டீசல் கூடினால் ஜெனரேட்டர் எந்த மணியில் ஓடுகிறது என்று பாருங்கள், பெரும்பாலும் கட்டுப்பாட்டுக் கருவியில் யாரோ எல்லை எண்ணை மாற்றியிருப்பார்கள். ஓராண்டுப் பதிவு சேர்ந்ததும் பழைய லோடு கோப்பை எடுத்துவிட்டு, அளந்த லோடை வைத்து அதே மாதிரியை மறுபடி ஓட்டுங்கள். அடுத்த முறை பேட்டரி மாற்றும்போது என்ன அளவு வாங்குவது என்பதை அந்த ஓட்டத்திலிருந்து எடுங்கள்.